வீட்டு வேலைக்கு எந்த ஏணி வாங்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

10 அடி உயரக் கூரை, ஒரு பரண், மொட்டை மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. இப்படி ஒரு சாதாரண வீட்டை மனதில் வைத்து எழுதிய பதில்கள் இவை. ஃபேன் துடைப்பது, டியூப்லைட் மாற்றுவது, ஒட்டடை அடிப்பது, பரணில் இருந்து பாத்திரம் இறக்குவது, தொட்டி கழுவுவது, ஒரு சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது என்று வேலை ஐந்தாறுதான். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே ஏணி பொருந்தாது. குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது.

ஏணி வாங்கும் முன் முதலில் எதைத் தீர்மானிக்க வேண்டும்?

உங்கள் கால் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை. "எத்தனை அடி வேணும்?" என்றுதான் கடைக்காரர் கேட்பார். அதற்குப் பதில் சொல்ல வீட்டிலேயே கணக்குப் போட்டுக்கொண்டு போங்கள்.

கணக்கு எளிது. ஒருவர் தலைக்கு மேல் சுமார் ஓர் அடி உயரம் வரை கையை வைத்துக்கொண்டு சிரமமில்லாமல் திருப்புளி பிடிக்கலாம். அதற்கு மேல் என்றால் குதிகாலைத் தூக்க வேண்டும். ஏணி மேல் குதிகாலைத் தூக்குகிற வேலை கூடவே கூடாது. ஆகவே வேலை நடக்கும் உயரத்தில் இருந்து உங்கள் உயரத்தையும் கூடுதலாக ஓர் அடியையும் கழியுங்கள். மிச்சம் இருப்பதுதான் கால் நிற்க வேண்டிய உயரம்.

5 அடி 5 அங்குலம் உயரமுள்ளவர் 10 அடிக் கூரையில் ஃபேன் கொக்கியைத் தொட வேண்டும் என்றால், 10 அடியில் 6 அடி 5 அங்குலம் போக 3 அடி 7 அங்குலம். சுவரில் 8 அடி உயரத்தில் இருக்கும் டியூப்லைட்டுக்கு ஒன்றரை அடி ஏறினால் போதும்; ஏ.சி.யின் ஃபில்டரைக் கழற்றவும் ஏறக்குறைய அவ்வளவுதான். பரண் வேறு கணக்கு. பரணின் தளம் நெஞ்சுக்கு நேராக இருந்தால்தான் பாத்திரத்தை இரண்டு கையாலும் அணைத்து இழுக்க முடியும். 7 அடிப் பரணுக்கு அது ஏறத்தாழ 3 அடி வரும். தலைக்கு மேலே இருந்து அண்டாவை இழுத்து இறக்குவது விபத்தைக் கூப்பிட்டு அழைப்பது மாதிரி.

அப்படியென்றால் எத்தனை படி ஏணி?

வீட்டு உபயோகத்துக்கு வரும் மடக்கு ஏணிகளில் படிக்குப் படி 9 முதல் 10 அங்குலம் இடைவெளி இருக்கும். ஐந்தாவது படி தரையில் இருந்து சுமார் 4 அடி. ஆக, 10 அடிக் கூரை வீட்டுக்கு 5 படி ஏணி சரி. 9 அடிக் கூரை கொண்ட அடுக்குமாடி வீடு என்றால் 4 படியே போதும். 11 அடி, 12 அடி உயரப் பழைய வீடுகளுக்கு 6 அல்லது 7 படி பார்க்க வேண்டும்.

இதில் ஒரு கண்ணி உண்டு. மேல் படி அகலமான தட்டாகவும், அதற்கு மேலே பிடித்துக்கொள்ள வளைந்த கைப்பிடியும் இருந்தால் அந்தத் தட்டின் மேல் நிற்கலாம். நிற்பதற்காகவே செய்தது அது. கைப்பிடி இல்லாத, உச்சியில் மூடி மட்டும் உள்ள ஏ வடிவ ஏணியில் அப்படி நிற்க முடியாது. உச்சி மூடியும் அதற்கு அடுத்த படியும் கணக்கில் சேராது. 6 அடி என்று விற்கும் அந்த வகை ஏணியில் கால் வைக்கக்கூடிய உயரம் 4 அடிதான். இன்னொன்று, சில கடைகளில் கைப்பிடியின் உச்சி வரை அளந்து அடியைச் சொல்வார்கள். கால் நிற்கும் தட்டு அதைவிடக் கீழேயே இருக்கும். விலைச்சீட்டைப் பார்க்காமல் டேப்பை வைத்துத் தட்டின் உயரத்தை அளந்துவிடுங்கள்.

எவ்வளவு எடை தாங்க வேண்டும்?

உங்கள் எடையை மட்டும் பார்க்கக் கூடாது. ஏணி மேல் என்னென்ன ஏறுகிறதோ அத்தனையும் சேர வேண்டும். 75 கிலோ ஆள், 10 லிட்டர் எமல்ஷன் வாளி (தண்ணீரைவிடக் கனம், 13 கிலோவுக்குக் குறையாது), உருளை, துணி, பட்டி வைக்கும் தகடு என்று பார்த்தால் 90 கிலோவைத் தாண்டிவிடும். மேலே இருந்து ஒரு படி தடாலென்று இறங்கினால் அந்தக் கணத்தில் படிக்கு விழும் அழுத்தம் இதைவிட அதிகம். 150 கிலோ என்று எழுதிய ஏணியை வாங்கினால் யோசிக்க வேண்டியதில்லை. 100 கிலோ என்று மட்டும் எழுதியிருந்தால் அது பல்பு மாற்றும் ஏணி.

ஸ்டிக்கரில் இ.என். 131, டைப் 1ஏ என்றெல்லாம் போட்டிருக்கிறதே?

இ.என். 131 ஐரோப்பியத் தரம். 2018 முதல் அதில் தொழில்முறைப் பயன்பாடு, வீட்டுப் பயன்பாடு என்று இரண்டே பிரிவுகள். இரண்டுக்கும் எடை வரம்பு 150 கிலோ. 3 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள சாத்து ஏணிக்கு அடிப்பகுதி அகலமாக இருக்க வேண்டும் என்ற விதியும் அதோடு வந்தது. அதனால்தான் புதிய ஏணிகளின் காலடியில் குறுக்காக ஒரு கட்டை நீட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் கழற்றி வைத்துவிட்டு ஏறுபவர்கள் உண்டு. கழற்றாதீர்கள்.

டைப் கணக்கு அமெரிக்காவுடையது. டைப் 3 என்றால் 91 கிலோ, டைப் 2 என்றால் 102, டைப் 1 என்றால் 113, டைப் 1ஏ என்றால் 136, டைப் 1ஏஏ என்றால் 170. எண் சிறியதாக ஆக ஏணி வலுவானது என்பது பலரைத் தடுமாற வைக்கும். நம் நாட்டில் ஐ.எஸ். 3696 இரண்டாம் பகுதி ஏணிகளுக்கான பாதுகாப்பு விதித் தொகுப்பு. ஸ்டிக்கரில் தரத்தின் எண், எடை வரம்பு, தயாரிப்பாளர் பெயர் மூன்றும் இல்லாமல் 'ஹெவி டியூட்டி' என்று மட்டும் இருந்தால் அதற்கு எந்தப் பொருளும் இல்லை.

அலுமினியமா, இரும்பா, ஃபைபரா?

பெரும்பாலான வீடுகளுக்கு அலுமினியம். துருப்பிடிக்காது, ஒரு கையால் தூக்கலாம். இதைச் சாதாரண விஷயமாக நினைக்க வேண்டாம். கனமான ஏணி எங்கோ மாடியில் கிடக்கும். அவசரத்துக்கு அதை இறக்கிவர அலுப்புப்பட்டு மனிதர்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறிவிடுவார்கள். தூக்க முடிகிற ஏணிதான் பயன்படுகிற ஏணி.

இரும்பு ஏணி விலை குறைவு, ஆட்டமும் குறைவு. பவுடர் கோட்டிங் பார்க்க அழகாக இருக்கும். துரு ஆரம்பிப்பது குழாயின் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில். ஈரத்தரையில் நிறுத்தி வைத்த ஏணியின் காலில் ரப்பர் புஷ்ஷைக் கழற்றிப் பார்த்தால் செம்பொடி கொட்டும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றில் இது இன்னும் வேகமாக நடக்கும். வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வதாக இருந்தால் இரும்பு வாங்கலாம்.

மின்சார வேலை அடிக்கடி செய்பவர்களுக்கு ஃபைபர். காய்ந்தும் சுத்தமாகவும் இருக்கும்வரை மின்சாரத்தைக் கடத்தாது. ஈரமோ, உலோகத் தூளும் எண்ணெய்ப் பிசுக்குமோ படிந்தால் அந்த உத்தரவாதம் போய்விடும். ஆண்டுக்கணக்கில் வெயிலில் கிடந்தால் மேல்பூச்சு உதிர்ந்து நார் நாராக எழும்பி உள்ளங்கையில் குத்தும். அலுமினியத்தைவிடக் கனமும் விலையும் கூடுதல்.

கடையில் எதை எதைச் சோதித்துப் பார்ப்பது?

இதற்கு 5 நிமிடம் ஒதுக்குங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை.

ஏணியை முழுவதும் விரித்து வையுங்கள். நடுவில் உள்ள இணைப்புக் கம்பியோ தட்டின் கீழுள்ள லாக்கோ 'டக்' என்று உட்கார வேண்டும். உட்கார்ந்த பிறகு பின்காலைப் பிடித்து உள்பக்கம் தள்ளினால் மடங்கக் கூடாது.

அடுத்து நாலு காலும் தரையைத் தொடுகிறதா என்று பாருங்கள். ஒரு தாளை எடுத்து ஒவ்வொரு கால் அடியிலும் நுழைத்துப் பார்த்தால் போதும். ஒரு காலின் கீழ் தாள் வழுக்கிக்கொண்டு போனால், ஏணியைப் பாதிச் சுற்றுத் திருப்பி வைத்து மறுபடியும் பாருங்கள். அதே கால்தான் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்றால் ஏணி கோணல். வேறு கால் தூக்கினால் கடையின் தரை கோணல். ஏணி மேல் பழி வேண்டாம்.

பிறகு முதல் படியில் ஏறி இரண்டு பக்கச் சட்டங்களையும் பிடித்துக்கொண்டு இடுப்பை இடமும் வலமும் திருப்புங்கள். கொஞ்சம் நெளிவது எல்லா அலுமினிய ஏணிக்கும் இயல்பு. 'கிறீச்' என்று ஒரு மூட்டில் இருந்து மட்டும் சத்தம் வந்தாலும், ஒரு பக்கம் போய்த் திரும்பி வராமல் நின்றாலும் வேண்டாம். கீழே இறங்கிப் படிகளைச் சட்டத்தோடு இணைக்கும் ரிவெட்டுகளை விரலால் தடவுங்கள். ஆடும் ரிவெட்டோ, சுற்றி வெடிப்போ, பிசிறோ இருந்தால் ஒதுக்கிவிடலாம். படியின் இரு முனையிலும் சட்டத்துக்குச் சாய்வாக முட்டுப் பட்டி கொடுத்திருந்தால் நல்லது. குறைந்தபட்சம் அடிப்படிக்காவது அது இருக்கட்டும். நாம் அதிகம் மிதிப்பதும் உதைப்பதும் அதைத்தான்.

படியின் அகலத்தை அளக்க ஏ.டி.எம். கார்டு போதும். அதன் நீளம் எட்டரை சென்டிமீட்டர். கார்டை நீளவாக்கில் படியின் முன்பின்னாக வைத்தால் அநேகமாக முழுவதும் அடங்க வேண்டும். 8 சென்டிமீட்டருக்குக் குறைவான படியில் 10 நிமிடம் நின்றால் உள்ளங்கால் வலிக்கும். வலி வந்ததும் காலை மாற்றி மாற்றி வைக்கத் தொடங்குவோம். அந்த நேரத்தில்தான் தவறும்.

கடைசியாக ரப்பர் புஷ். நகத்தால் அழுத்தினால் சற்று அமுங்க வேண்டும். கல் மாதிரி இருப்பது ரப்பர் நிறத்துப் பிளாஸ்டிக். டைல்ஸ் மேல் வழுக்கும். இழுத்தால் கையோடு வருவதும் உதவாது. அடியில் வரிவரியாக வெட்டு இருந்து, ஸ்குரு போட்டுப் பிடித்திருப்பது நல்ல வகை.

ஆன்லைனில் வாங்கினால்?

படத்தில் எல்லா ஏணியும் நன்றாகத்தான் இருக்கும். குறிப்பில் ஏணியின் சொந்த எடையைப் பாருங்கள். ஒரே அளவு, ஒரே படிக் கணக்கு உள்ள இரண்டு அலுமினிய ஏணிகளில் ஒன்று 2 கிலோ குறைவாக இருந்தால் அதன் குழாய்ச் சுவர் மெலிசு என்று பொருள். வந்ததும் மேலே சொன்ன சோதனைகளை எல்லாம் செய்துவிட்டு, அதற்குப் பிறகு அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போடுங்கள். திருப்பி அனுப்ப அதே பெட்டி வேண்டியிருக்கும்.

மூட்டு மூட்டாக மடங்கும் மல்டிபர்பஸ் ஏணி ஒன்று வாங்கினால் எல்லாவற்றுக்கும் ஆகுமே?

ஆகும், ஓரளவுக்கு. நாலு துண்டு, மூன்று ஜோடி மூட்டு. நீட்டினால் சாத்து ஏணி, நடுவில் மடித்தால் ஏ வடிவம், பலகை போட்டால் மேடை. இடம் குறைவான வீட்டுக்கு வசதிதான். ஆனால் படிகள் உருளைக் கம்பியாகவோ குறுகலாகவோ இருப்பதால் நீண்ட நேரம் நிற்க ஏற்றதல்ல. பிடித்துக்கொள்ள மேலே கைப்பிடியும் கிடையாது.

இதன் உயிர் மூட்டில் இருக்கிறது. ஆறு மூட்டிலும் லாக் விழுந்ததா என்று ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துவிட்டே ஏற வேண்டும். ஒரு பக்க மூட்டு விழுந்து எதிர்ப்பக்கம் விழாமல் இருப்பதுதான் வழக்கமாக நடப்பது. கீழே நின்று பார்த்தால் ஏணி நேராகத்தான் தெரியும், பாதி ஏறியதும் முறுக்கிக்கொள்ளும். சிமெண்ட் தூசி, பெயிண்ட் படிந்தால் லாக் முழுவதுமாக உட்காராது. தூரிகையால் தட்டி, துளி எண்ணெய் விட்டு வையுங்கள். எண்ணெய் படியில் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழாய்க்குள் குழாயாகச் சுருங்கும் டெலஸ்கோப்பிக் ஏணி?

காரில் எடுத்துப் போகிற தொழிலாளிக்கு நல்லது. வீட்டுக்கு முதல் ஏணியாக நாங்கள் சொல்ல மாட்டோம். மணலும் தூசியும் புகுந்தால் ஒவ்வொரு படியிலும் உள்ள பின் சிக்கும். சுருக்கும்போது விரல் நசுங்கும். ஏற்கெனவே இருந்தால், ஏறும் முன் ஒவ்வொரு படியின் லாக்கையும் பாருங்கள்.

தொட்டி கழுவ மொட்டை மாடியில் இருந்து படிக்கட்டு அறையின் மேல்தளத்துக்கு ஏற வேண்டும். அதற்கு?

மடக்கு ஏணியை இதற்குக் கொண்டுபோகாதீர்கள். ஏ வடிவ ஏணியின் உச்சியில் இருந்து பக்கவாட்டில் தளத்துக்குக் கால் மாற்றும்போது ஏணி எதிர்ப்பக்கம் உதைபட்டுச் சாயும். மடக்கிய நிலையில் சுவரில் சாத்துவதும் தவறு. அதன் கால்கள் விரித்து நிற்பதற்கு ஏற்றபடி சாய்வாக வெட்டப்பட்டவை. சாத்தினால் புஷ்ஷின் ஓரம் மட்டும் தரையில் படும், பிடிப்பே இருக்காது.

வேண்டியது நேரான சாத்து ஏணி. நீளம் இப்படி: மேல்தளம் 8 அடி உயரம் என்றால் ஏணியின் கால் சுவரில் இருந்து 2 அடி தள்ளி இருக்க வேண்டும், அதாவது உயரத்தில் நாலில் ஒரு பங்கு. தளத்தின் விளிம்பைத் தாண்டி ஏணி இன்னும் 3 அடி மேலே நீண்டிருக்க வேண்டும். இறங்கி ஏறும்போது பிடித்துக்கொள்ள அதுதான் துணை. விளிம்பு வரை எட்டேகால் அடி, மேலே 3 அடி, மொத்தம் பதினொன்றேகால். 12 அடி ஏணி வாங்குங்கள். 8 அடி உயரம்தானே என்று 9 அடி ஏணி வாங்கியவர்கள், மேலே போகும்போது எப்படியோ போய்விடுவார்கள். இறங்கும்போது திரும்பி நின்று, கண்ணுக்குத் தெரியாத முதல் படியைக் காலால் துழாவுவார்கள்.

அந்த நாலில் ஒரு பங்குக் கணக்கு அவ்வளவு முக்கியமா?

சாத்து ஏணியில் வேறு எதையும்விட முக்கியம். காரணத்தை ஒருமுறை புரிந்துகொண்டால் பிறகு மறக்காது.

நீங்கள் ஏறும்போது ஏணியின் கால் பின்னோக்கி நழுவப் பார்க்கிறது. அதைத் தடுப்பது தரைக்கும் ரப்பருக்கும் உள்ள பிடிப்பு ஒன்றுதான். எவ்வளவு விசையோடு நழுவப் பார்க்கிறது என்பது ஏணியின் சாய்வையும் நீங்கள் ஏறியிருக்கும் உயரத்தையும் பொறுத்தது. 75 கிலோ ஆள் உச்சிக்கு அருகில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 8 அடிக்கு 2 அடி தள்ளி வைத்த ஏணியின் காலை வெளியே தள்ளும் விசை 75-இல் நாலில் ஒன்று, சுமார் 19 கிலோ. அதையே 4 அடி தள்ளி வைத்தால் 75-இல் பாதி, சுமார் 38 கிலோ. பாதி உயரத்தில் நிற்கும்போது இந்த எண்களும் பாதியாகத்தான் இருக்கும்.

ஆகவே கீழ்ப்படிகளில் ஏறும்போது உறுதியாக நின்ற ஏணி, மேலே போய்ச் சேரும் நேரத்தில் சறுக்குகிறது. "மூணு படி ஏறிப் பார்த்தேன், அசையல" என்பது ஒரு சோதனையே ஆகாது. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பது இங்கே வெறும் பழமொழி இல்லை.

மாறாக, ஒரேயடியாக நிமிர்த்தி வைத்தால் கால் சறுக்காது, ஏணி உங்களோடு பின்பக்கம் மல்லாக்கச் சாயும்.

அளவுகோல் இல்லாமல் சாய்வைப் பார்க்க ஒரு வழி: ஏணியின் கால் அடியில் உங்கள் பாதவிரல் நுனியை வைத்து நேராக நில்லுங்கள். கைகளைத் தோள் உயரத்தில் நேராக நீட்டினால் உள்ளங்கை ஏணியின் சட்டத்தைத் தொட வேண்டும். முழங்கை மடங்கினால் ஏணி நிமிர்ந்திருக்கிறது. எட்டவில்லை என்றால் படுத்திருக்கிறது.

கீழே ஒருவர் பிடித்துக்கொண்டால் போதாதா?

உதவிதான், உத்தரவாதம் இல்லை. மேலே இருப்பவர் சாயும்போது கீழே இருப்பவரால் தடுத்து நிறுத்த முடியாது. பெரும்பாலும் இருவருக்கும் அடிபடும். அதைவிடக் கயிறு மேல். ஏணியின் மேற்பகுதியை, படியில் கட்டாமல் இரண்டு பக்கச் சட்டங்களிலும் சுற்றி, கைப்பிடிச்சுவரில் பதித்த கொக்கியிலோ உறுதியான இரும்புக் கம்பியிலோ கட்டுங்கள். மாதம் ஒருமுறை ஏறும் இடம் என்றால் ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு இரண்டு கொக்கி அடித்துக்கொள்வது நல்லது. கட்டப் போகும் அந்த முதல் ஏற்றத்துக்கும், கட்டை அவிழ்த்து இறங்கும் கடைசி இறக்கத்துக்கும் கீழே ஆள் வேண்டும். பி.வி.சி. குழாய், மழைநீர்க் குழாய், தொட்டியின் உடம்பு இவற்றில் ஏணியைச் சாத்தவும் கூடாது, கட்டவும் கூடாது.

டைல்ஸ் தரை வழுக்குகிறது. கோணி போட்டு அதன் மேல் வைக்கலாமா?

கூடாது. கோணி டைல்ஸோடு சேர்ந்து நகரும். நியூஸ்பேப்பர், மிதியடி, பெயிண்ட் சிந்தாமல் இருக்க விரித்த பிளாஸ்டிக் விரிப்பு எல்லாமே அப்படித்தான். தரையையும் புஷ்ஷையும் ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, வெறும் டைல்ஸின் மேலேயே வையுங்கள். மொட்டை மாடியில் மழைக்காலத்துப் பாசி இருந்தால் தேய்த்துக் கழுவிக் காய்ந்த பிறகே ஏணி.

மண் தரையில் கால் புதையும், அதுவும் ஒரு கால் மட்டும் புதையும். இரண்டு காலுக்கும் சேர்த்து அகலமான கனத்த பலகை ஒன்றைப் போடுங்கள். ஒரு காலுக்கு மட்டும் செங்கல் வைத்துச் சரிக்கட்டுவது வேண்டவே வேண்டாம். மேடான பக்கத்தைக் கொத்திச் சமப்படுத்துவதுதான் சரி.

ஃபேன் கழற்றும்போது, டிரில் போடும்போது தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன?

ஃபேனுக்கு முதலில் மின்சாரம். சுவர் ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது; பழைய வயரிங்கில் ஸ்விட்ச் நியூட்ரலில் இருக்கலாம், அப்போது அணைத்த பிறகும் ஃபேன் வயரில் மின்சாரம் இருக்கும். மின்பெட்டியில் அந்த இணைப்புக்கான எம்.சி.பி. ஸ்விட்சை இறக்குங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் மெயினை அணைத்த மறுகணமே ஃபேன் வயருக்கு அதில் இருந்து மின்சாரம் வந்துவிடும். இன்வெர்ட்டரையும் அணைத்து, அதன் வெளியீட்டையும் துண்டித்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள். ஷாக்கின் வலியைவிட, அது அடித்ததும் கையை உதறிக் கீழே விழுவதுதான் ஆளைக் கொல்லும்.

இறக்கைகளைக் கீழே இறக்கிய பின்னும் மோட்டார் கனமாகத்தான் இருக்கும். ஒரு கையால் அதைத் தாங்கி மறுகையால் போல்ட் கழற்றும்போது ஏணியைப் பிடிக்கக் கையே இல்லை. கைப்பிடித் தட்டு ஏணி இங்கேதான் கைகொடுக்கும். தொடையில் முட்டுகிற கைப்பிடி உங்களுக்கு மூன்றாவது கை. கீழே நிற்பவர் மோட்டாரைக் கையில் வாங்க வேண்டும், அப்படியே தூக்கிக்கொண்டு இறங்கக் கூடாது.

டிரில்லில் பிரச்சினை வேறு. சுவரை அழுத்தினால் அதே விசை உங்களைப் பின்னால் தள்ளும். ஏ வடிவ ஏணி முன்பின்னாக அகலம், பக்கவாட்டில் குறுகல். ஆகவே படிகளின் முகம் சுவரைப் பார்த்தபடி, நீங்கள் நேராகச் சுவரை நோக்கி நிற்கும்படி வையுங்கள். சுவருக்கு இணையாக ஏணியை வைத்து இடுப்பைத் திருப்பி டிரில் போட்டால், அழுத்தம் முழுக்கக் குறுகலான பக்கத்தில் விழும். அது சாயத் தேவையான விசை ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு.

கை எட்டவில்லை என்றால் இறங்கி ஏணியை நகர்த்துங்கள். உங்கள் தொப்புள் இரண்டு பக்கச் சட்டங்களுக்கு நடுவிலேயே இருக்க வேண்டும் என்பது பழைய, நல்ல அளவுகோல். ஏணி சாய்வது பெரும்பாலும் "இன்னும் நாலு விரக்கடைதான்" என்று எட்டிப் பிடிக்கும்போதுதான்.

வீட்டுக்குப் பக்கத்தில் மின்கம்பி போகிறது. மூங்கில் ஏணி என்றால் பயமில்லை அல்லவா?

பயம் உண்டு. ஈரமான மூங்கில் மின்சாரத்தைக் கடத்தும், பச்சை மூங்கிலும் அப்படியே. அலுமினியத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எந்த ஏணியாக இருந்தாலும் கம்பிக்கும் அதன் நுனிக்கும் குறைந்தது 3 மீட்டர் இடைவெளி வேண்டும். ஏணி நிமிரும்போதும் சாயும்போதும் நுனி எங்கெல்லாம் போகும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். விபத்துகள் ஏறும்போது மட்டும் நடப்பதில்லை. 12 அடி ஏணியை நிமிர்த்திப் பிடித்தபடி வாசலில் நடந்து வரும்போதும் நடக்கின்றன. ஏணியைப் படுக்கைவாட்டில் தூக்கி வாருங்கள். இடைவெளி கிடைக்காத இடமென்றால் மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து, மின்சாரத்தை நிறுத்திய பிறகு வேலை செய்யுங்கள்.

மாடிப்படிக் கூடத்தின் உயரச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்க?

சாரம் கட்டுங்கள், அல்லது கட்டத் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். ஒரு கால் ஒரு படியிலும் மறு கால் புத்தகக் கட்டின் மேலும் நிற்கும் ஏணிக்கு எந்தத் தரச்சான்றும் உதவாது.

பழைய மூங்கில் ஏணி, மர ஏணி வீட்டில் கிடக்கிறது. பயன்படுத்தலாமா?

சோதித்துவிட்டு. மூங்கிலில் ஊசி முனைத் துளைகளும் அடியில் மாவு போன்ற தூளும் தெரிந்தால் உளுத்துவிட்டது என்று பொருள், விறகுக்குப் போகலாம். நீளவாக்கில் மயிரிழை வெடிப்பு மூங்கிலுக்குச் சகஜம். ஆனால் அந்த வெடிப்பு படி நுழைந்திருக்கும் துளை வழியாகப் போனால் அந்த ஏணி வேண்டாம். தரையில் படுக்க வைத்து ஒவ்வொரு படியையும் கையால் திருகிப் பாருங்கள். சுற்றினால் தளர்ந்துவிட்டது. மர ஏணிக்கு எனாமல் பெயிண்ட் அடிக்காதீர்கள், வெடிப்பு மறைந்துவிடும். தெளிவான வார்னிஷ் பூசினால் போதும்.

ஏணியில் ஏறும்போது காலில் என்ன போடுவது?

குதிகாலைப் பிடிக்கும் பட்டை வைத்த, அடியில் வரியுள்ள செருப்போ ஷூவோ. ஹவாய் செருப்பு வேண்டாம். லுங்கி, சேலை, துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். தலைசுற்றல் உள்ளவர்கள், மயக்கம் தரும் மாத்திரை சாப்பிட்ட அன்று, மூன்று படியே ஆனாலும் ஏற வேண்டாம்.

எங்கே, எப்படி வைப்பது?

சாத்து ஏணியைச் சுவரில் இரண்டு மூன்று கொக்கி அடித்துப் படுக்கைவாட்டில் மாட்டுங்கள். வெயிலும் மழையும் படாத இடம் நல்லது. வெளியே வைப்பதாக இருந்தால் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். மாடி ஜன்னலுக்குத் திருடனுக்கு நாமே படி போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடக் கூடாது. சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் மடக்கு ஏணியைச் சுவரில் சும்மா சாய்த்து வைத்தால் இழுத்து மேலே போட்டுக்கொள்வார்கள், அதையும் கொக்கியில் மாட்டுங்கள்.

எப்போது ஏணியைத் தூக்கிப் போட வேண்டும்?

ரப்பர் புஷ் தேய்ந்தால் புஷ்ஷை மட்டும் மாற்றலாம். காலின் குழாய் அளவை வெளிப்பக்கம் அளந்துகொண்டு போனால் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். நாலையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள், இல்லாவிட்டால் உயரம் மாறி ஆடும். பக்கச் சட்டம் வளைந்தால், நெளிந்தால், வெடித்தால் ஏணியின் ஆயுள் முடிந்தது. அலுமினியத்தைத் தட்டி நிமிர்த்தினால் அந்த இடம் மேலும் பலவீனமாகும். வெல்டிங் வைத்தாலும் சூட்டில் பக்கத்து உலோகம் இளகிப் பழைய வலு வராது. கழன்ற ரிவெட் இருந்த இடத்தில் ஆணி அடிப்பதும் கம்பி கட்டுவதும் அதே கதைதான்.

காயலான் கடைக்குப் போடும் முன் பக்கச் சட்டத்தை ரம்பத்தால் நடுவில் அறுத்துவிடுங்கள். அப்படியே போட்டால் யாராவது எடுத்துக்கொண்டு போய் ஏறுவார்கள்.